இடக்கை நாடி

நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியாரின் மூன்று விரல்களும் அவளுடைய இடக்கை மணிக்கட்டிலிருந்து எழும்பி, வலக்கைக்குப் போய், மறுபடி இடக்கைக்கே திரும்பி வந்தன. பெண்ணுக்கு இடக்கையில்தானே நாடி பார்ப்பார்கள், வலக்கையில் எதைத் தேடுகிறார் என்று நினைத்தாள் விமலேஸ்வரி. கேட்க வாய் திறக்கவில்லை. கண்ணும் திறக்கவில்லை. உறியில் இருந்த சட்டியை எடுக்க அண்ணாந்ததும், குசினி நிலம் மேலெழும்பி வந்ததும் நினைவிருந்தன. இப்போது கீழே பாய். கூரை ஓலையில் இடைவிடாத மாரி மழை. நனைந்த சாணி மெழுக்கின் மணம்.

"நாடி இல்லை, பத்மாசனி. உம்மடை மருமோள் போயிட்டாள்."

"ஐயோ, காலமை என்னோடை வாய்காட்டினவள்!" மாமியின் குரல் உடைந்தது.

"மூச்சு வாறமாதிரிக் கிடக்கெல்லோ?" பக்கத்து வீட்டு நேசமலர்.

"அது வாசல் காத்து. நான் நாடி பாத்தால் பிழை வராது."

கையில் இல்லைதான். அது அவளுக்குத் தெரியும். முன்பு பட்டணத்து ஆசுபத்திரியில் டொக்டரும் இரண்டு மணிக்கட்டையும் தடவிப் பார்த்துவிட்டு, குனிந்து, அவளுடைய கணுக்கால் எலும்புக்குப் பின்னால் விரல் வைத்தார். "இஞ்சை நல்லாத் துடிக்குது. பெரிய இரத்தக் குழாயளிலை அழற்சி, பிள்ளை. கைக்குப் போற குழாய் ஒடுங்கிப்போச்சு. ஆரும் நாடி பாத்தால் காலிலை பாக்கச் சொல்லும்."

கணவன் யோகலிங்கம் சிரித்தான். "இனி உம்மடை காலைப் பிடிச்சுத்தான் சுகம் கேக்கவேணும் போலை." வழியில் குரலைத் தாழ்த்தினான். "அம்மாவுக்குச் சொல்லாதையும். நாடியில்லாத மருமோள் எண்டால் பேயெண்டு அடுப்படிக்கும் விடமாட்டா."

அவள் சொல்லவில்லை.

அங்கே அவளுடைய இரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிமிர்த்தி வைப்பார்கள். ஒரு மணித்தியாலத்தில் சிவப்பு எவ்வளவு கீழே இறங்குகிறதோ, அவ்வளவுக்கு நோய் உள்ளே எரிகிறது. முதல்முறை விறுவிறென்று இறங்கியது. குளிசை விழுங்கத் தொடங்கியபின் தயங்கித் தயங்கி இறங்கியது. "ரத்தம் அடங்கியிருந்தாலும் குழாய் எரியலாம். தலை சுத்தினால் உடனை வாங்கோ," என்றார் டொக்டர். மூன்று நாளாகச் சுற்றியது. கடைசியாகக் கொடுத்த இரத்தத்தின் முடிவு வரட்டும் என்று இருந்துவிட்டாள். அதைக் கேட்கத்தான் யோகலிங்கம் விடியச் சைக்கிளில் போயிருந்தான்.

ஈரக் கைகள் அவள் தலையைத் தூக்கித் தெற்கே திருப்பின. விளக்குத் திரி கருகும் மணம். தாடையைச் சுற்றித் துணி. பிறகு கால் பெருவிரல்கள் இரண்டும் சேர்ந்து இறுகின.

அவர் வருவார். காலைப் பிடிப்பார்.

ஒப்பாரிக்குள் அவள் சைக்கிள் சத்தத்தையே தேடினாள். கடைசியில் அது வாசல் படலையில் மோதி விழுந்தது.

"ரத்தம் நல்லாயிருக்கெண்டு சொல்லத்தானே ஓடிவந்தனான்!" யோகலிங்கம் நிலத்தில் விழுந்து அழுதான். திடீரென்று அழுகை நின்றது. "ஆர் நாடி பாத்தது?"

"பரியாரியார். ரெண்டு கையிலையும் பாத்தவர்," என்றாள் மாமி.

"கையிலையோ?"

காலடிக்கு வந்தான். அவன் பெருவிரல் அவள் கணுக்காலுக்குப் பின்னால் தடவியது. விலகியது. மீண்டும் வந்து, சரியாக அந்த இடத்தில் அழுத்தியது.

துடித்தது. அவன் விரலின் கீழே துடித்தது.

"அம்மா... துடிக்குது."

அந்நேரம் முற்றத்தில் பறை எழும்பியது. நிலம் அதிர்ந்தது. பாய் அதிர்ந்தது. அவன் விரலும்.

"நிப்பாட்டச் சொல்லுங்கோ!"

"தொடங்கின பறையை நிப்பாட்டக்கூடாது, தம்பி," என்றார் பரியாரியார். "பறைக்கு நிலம் துடிக்குது. என்ரை கையை வேணுமெண்டால் பிடிச்சுப் பாரும். அதுவும் துடிக்குது."

விரல் அழுத்தியபடியே இருந்தது.

இன்னும் கொஞ்சம்.

"பறைதானோ..." என்றான், தனக்குள்.

விரல் எடுபட்டது.

தண்ணீர். சந்தனம். தேவாரம்.

தாடைக் கட்டு அவிழ்ந்தது. அதே பெருவிரல், மழையும் சைக்கிள் எண்ணெயும் மணக்க, அவள் உதடுகளைப் பிரித்தது.

அரிசி விழுந்தது. நாக்கில். தொண்டையில்.

கீழே, கட்டிய கால்களில், ஒருவரும் தொடாத அந்த இடத்தில், துடித்தது.