துட்டி வீட்டு அண்ணாச்சி

துட்டி வீட்டில் யாரும் யாரையும் "வாங்க" என்று சொல்வதில்லை. சாவு விழுந்த வீட்டுக்கு வருகிறவர்கள் சத்தமில்லாமல் வருவார்கள். வீட்டு ஆண்கள் வாசலில் நின்று கையை நீட்டுவார்கள். வந்தவர் அந்தக் கையைத் தொட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் போவார். திருநெல்வேலிப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த முறை இது. அதனால்தான் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில், மழை ஒழுகும் ஒரு சந்துக்குள், இரும்பு ஏணிக்கு அடியில் நின்ற மனிதர் கையை நீட்டியபடியே "வாங்க" என்றபோது ஏட்டு சொரிமுத்துவுக்கு என்னவோ உறுத்தியது.

பம்பாய்க்கு வந்து எத்தனை வருஷமோ, முறையெல்லாம் மறந்து போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கையைத் தொட்டார். கை குளிர்ந்து, ஈரமாக இருந்தது. சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டிருந்தார் அந்த மனிதர். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, துக்கத்திலும் கனிவு குறையாத, அண்ணாச்சி என்று கூப்பிடத் தோன்றும் முகம். இறந்துபோன வேல்ராஜின் அண்ணனாக இருக்கவேண்டும்.

"மாரிசெல்வி?" என்று கேட்டார் சொரிமுத்து.

"மேலதான் இருக்கா. இப்பதான் தலைக்கு ஊத்திட்டுக் கண்ணசந்தா. ஒம்பது நாளா பொட்டுத் தூக்கமில்ல பாத்துக்கிடுங்க."

இரண்டு நாள் ரயிலில் இறுகிப்போயிருந்த மூச்சு அப்போதுதான் சொரிமுத்துவுக்கு இறங்கியது. இருக்கிறாள். முந்திவிட்டோம்.

அவருடைய ஸ்டேஷன் எல்லைக்குள் இரண்டு வருஷத்தில் நான்கு பெண்கள் செத்திருந்தார்கள். நால்வரும் புருஷனைப் பறிகொடுத்துப் பதினாறு நாள் ஆகாதவர்கள். நால்வரும் ஒரே மாதிரிக் கிடந்தார்கள். குளிப்பாட்டி, வாய்க்கட்டுக் கட்டி, கால் பெருவிரல் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்து முடிந்து, ஒரு பிணத்துக்குச் செய்யவேண்டியதை எல்லாம் யாரோ முடித்து வைத்திருந்தார்கள். யார் கட்டினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வேறு ஏதோ சொந்தம் கட்டியிருக்கும் என்று ஆளாளுக்கு நினைத்தார்கள். புருஷன் ஏக்கத்தில் போய்விட்டாள் என்று அழுது, முதல் மூன்று பேரையும் எரித்தும் விட்டார்கள். நான்காவது மாலதி. அவள் கழுத்தில் இருந்த நெரித்த தடத்தைக் குனிந்து பார்த்தவர் சொரிமுத்து மட்டும்தான்.

விசாரித்தால் நான்கு வீட்டிலும் ஒரு ஆள். மூன்றாம் நாள் வாக்கில் வருவானாம். பந்தல் கட்டுவானாம், தண்ணீர் சுமப்பானாம், அழுகிறவர்களுக்குக் காப்பி கலந்து கொடுப்பானாம். புருஷன் வீட்டார் அவனைப் பெண் வீட்டு ஆள் என்றார்கள், பெண் வீட்டார் அவனை மாப்பிள்ளை வழி என்றார்கள். முகத்தைக் கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. நல்ல மனுஷன் என்று மட்டும் சொன்னார்கள். இன்ஸ்பெக்டரோ வயிறு குலுங்கச் சிரித்தார். "துட்டிக்கு வந்தவனையெல்லாம் பிடிக்கணும்னா ஊரையே ஜெயிலா மாத்தணும்வே. லீவு போட்டு வீட்ல கெடந்து தூங்கும்." சிரித்த வாயைக் கிழிக்கவேண்டும் போலிருந்தது. லீவு போட்டுவிட்டு மும்பைக்கு ரயில் ஏறினார்.

மாலதியின் தங்கைதான் மாரிசெல்வி. கூடப்பிறந்தவர்கள் வேறு யாரும் இல்லை. அவள் புருஷன் வேல்ராஜ் காய்ச்சலில் இறந்த செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, மாலதியின் போன் சொரிமுத்துவின் மேசையில் இருந்தது. யாருடையது என்று தெரியாத ஓர் எண்ணிலிருந்து அதற்குப் பதில் வந்திருந்தது: "நான் கிளம்பிட்டேன்." குழுவில் முப்பத்தேழு பேர். நீங்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பதினாறாம் நாள் வரை அவளை உயிரோடு வைத்திருக்கவேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தார்.

மேலே ஒரே அறை. நடுவில் கயிறு கட்டிப் பூப்போட்ட திரை தொங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் அவள் தூங்கினாள். புதிதாகத் தாலி இழந்தவளை ஓர் அந்நிய ஆண் திரை விலக்கி எட்டிப் பார்ப்பது முறையில்லை என்பதால் சொரிமுத்து ஏணி தெரியும்படி வாசலோரம் பாயில் உட்கார்ந்தார். தகரக் கூரையில் மழை ஓயாமல் கொட்டியது. கீழே குடியிருக்கும் ரஷீதா வீட்டுப் பை தைக்கும் பட்டறையில் நான்கு மெஷின்கள் மாறிமாறி ஓட, அந்த அதிர்வு தரை வழியாக ஏறி முதுகெலும்புக்குள் புகுந்தது. ரெக்ஸின் நாற்றம், சாக்கடை நாற்றம், அதற்கு மேல் சீயக்காயும் நல்லெண்ணெயும் கலந்த வாடை.

"சொந்தக்காரங்க யாரையும் காணோமே?" என்றார் சொரிமுத்து.

"எட்டு முடிஞ்சதும் போயிட்டாவ. கொஞ்சம் பேரு நெருள், கொஞ்சம் பேரு உல்லாஸ்நகர். இந்தப் பொந்துக்குள்ள எத்தன பேரு படுக்க?" அண்ணாச்சி டீயை நீட்டினார். "நீங்க சாப்பிடுங்க. நான் இருக்கேன்லா."

நான் இருக்கேன். அந்தச் சொல்லில் சொரிமுத்து கரைந்துபோனார். எவ்வளவு நாளாயிற்று, ஒருத்தர் இப்படிச் சொல்லி. தான் போலீஸ் என்பதைச் சொன்னார். நான்கு பெண்களைச் சொன்னார். அந்த ஆளைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சொன்னார். அண்ணாச்சி இடைமறிக்காமல் கேட்டார். நல்ல கேள்விகளாகக் கேட்டார். இந்த விஷயம் வேற யாருக்குத் தெரியும்? இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன், சிரித்தார்; வேறு ஒருத்தருக்கும் தெரியாது. இங்கே ஸ்டேஷனில் சொல்லியாச்சா? இல்லை, லீவில் வந்தவன் பேச்சை யார் கேட்பார்கள்? அண்ணாச்சி வருத்தத்தோடு தலையாட்டினார்.

இரண்டு மணி நேரம் போயிருக்கும். வெளியே வெளிச்சம் மங்கியது. ஏணியில் ஒருவரும் ஏறவில்லை.

"அவன் ஏன் இப்படிச் செய்யுதான்னு நெனைக்கிய, ஏட்டையா?"

"பைத்தியம்."

"பைத்தியம்னா வெரலக் கட்டுவானா?" அண்ணாச்சியின் குரல் மிருதுவாக இருந்தது. "ஒத்தையில கெடக்கது பாவம்லா. ராத்திரி முழிச்சா பக்கத்துல ஆளில்ல. உங்களுக்குத் தெரியாததா? வீட்டுக்காரம்மா போயி எத்தன நாளாச்சி?"

"வர்ற ஆவணிக்கு ரெண்டு வருஷம்."

"பாவம். உங்களுக்கும் யாருமில்ல."

சொரிமுத்து தலைகுனிந்தார். டீ ஆறி ஆடை படிந்திருந்தது. அந்த ஆடையை விரலால் ஒதுக்கும்போதுதான் உறைத்தது. மனைவி செத்ததை நான் சொல்லவில்லையே.

சொல்லியிருப்பேன். இவ்வளவு நேரம் பேசியதில் எங்கோ சொல்லியிருப்பேன். அசதி.

கீழேயிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"ரஷீதா பால் கொண்டாந்திருக்கா. எனக்கு முட்டு வலி. செத்த வாங்கிட்டு வாறியளா?" என்றார் அண்ணாச்சி.

சொரிமுத்து ஏணியில் இறங்கினார். முக்காடிட்ட ரஷீதா தூக்குவாளியை நீட்டிவிட்டு மேலே ஒரு பார்வை பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க வேல்ராஜண்ணனுக்கு என்ன வேணும்?"

"சும்மா... தெரிஞ்சவன். அண்ணாச்சிதான் பாத்துக்கிடுதாரே."

"ஆமா, தங்கமான மனுஷன். ஒத்த ஆளா எல்லாம் செய்யறாரு. மாரி அக்கா சைடுல மட்டும் இப்படி ஒரு அண்ணன் இருக்காரு பாருங்க. வேல்ராஜண்ணன் பாவம், ஒத்தப் பிள்ள. அவங்களுக்குன்னு கூடப்பிறந்தது யாரும் கிடையாது."

மழை பெய்தது. மெஷின்கள் ஓடின.

வேல்ராஜ் ஒற்றைப் பிள்ளை.

மாரிசெல்விக்கு ஓர் அக்காதான். அவளும் செத்துவிட்டாள்.

தூக்குவாளி கைநழுவி விழுந்தது. வெள்ளையாகப் பால் சாக்கடைக்குள் ஓடியது. சொரிமுத்து ஏணியைப் பிடித்தார். ஒரு படி. இரண்டு படி. வழுக்கியது. மேலே தகரக் கதவு மெதுவாக, யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல, சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம்.

மோதினார். தோளால் மோதினார். கதவு அதிர்ந்தது, திறக்கவில்லை. நிலைக்கும் தகரத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடுக்கு. கண்ணை வைத்தார்.

திரை விலகியிருந்தது.

மாரிசெல்வி ஈரத் தலையோடு பாயில் கிடந்தாள். வாய்க்கட்டு. தோள் முதல் கணுக்கால் வரை துணியால் இறுகச் சுற்றப்பட்டிருந்தாள். கண்கள் திறந்திருந்தன. அந்தக் கண்கள் இடுக்கை நோக்கித் திரும்பின.

உயிரோடு இருந்தாள்.

இவ்வளவு நேரமும் உயிரோடு இருந்தாள். ஒரு துணிக்கு அந்தப் பக்கம். போலீஸ்காரன் ஒருவன் வந்து உட்கார்ந்து, டீ குடித்து, தன்னைக் கொல்லப்போகிறவனிடம் மனம்விட்டுப் பேசியதை எல்லாம் ஒரு வார்த்தை விடாமல் கேட்டபடி கிடந்திருக்கிறாள்.

"மாரிசெல்வி!" சொரிமுத்து கத்தினார். தகரத்தில் தலையை மோதினார். கையால் அறைந்தார். அய்யோ என்று கத்தினார். என்ன கத்துகிறோம் என்றே தெரியாமல் கத்தினார்.

கீழே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. துட்டி வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் மெஷினை நிறுத்துவதுதான் மரியாதை. எதிர்வீட்டில் டிவி அடங்கியது. சந்தில் போன இருவர் குடையை மடக்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றார்கள். யாரோ ஏணியில் ஏறினார்கள். ரஷீதாவின் புருஷன் மன்சூர் அலி. பின்னாலேயே இன்னொருவர். நான்கு கைகள் சொரிமுத்துவைப் பின்னாலிருந்து அணைத்துக்கொண்டன.

"விடுங்கண்ணே. தலையில அடிச்சுக்காதீங்க."

"உள்ள... உள்ள அவன் இருக்கான்!"

"ஆமாண்ணே. அண்ணாச்சி உள்ளதான் இருக்காரு." மன்சூர் அலியின் குரல் தழுதழுத்தது. "அவரு பாத்துக்குவாரு. நீங்க வாங்க."

"கொல்லுதான்! அவளக் கொல்லுதான்!"

"துக்கம் தலைக்கேறிருச்சு. தண்ணி கொண்டா ரஷீதா, ஜல்தி."

அன்பான கைகள். தையல் வேலையில் உரமேறிய கைகள். திமிறினார். அவர்கள் இன்னும் இறுக்கமாக, இன்னும் ஆதரவாகப் பிடித்துக்கொண்டார்கள். முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். ஒருவர் அவரோடு சேர்ந்து அழவும் தொடங்கிவிட்டார். இடுக்கிலிருந்து கண் விலகுவதற்கு முன், உள்ளே யாரோ அவசரமில்லாமல் திரையை இழுத்துவிட்டார்கள்.

திரைக்கு அடியில் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஒரு கை அவற்றின் ஈரத்தைப் பொறுமையாகத் துடைத்தது. பெருவிரல்கள் இரண்டும் ஒன்றையொன்று விட்டு விலகத் துடித்தன. அந்தக் கை அவற்றைச் சேர்த்துப் பிடித்து, வெள்ளைத் துணியை ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று.

விரல்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.