வராத நோய்க்கு ஒரு பொன்னாடை

வேளாண் கல்லூரியின் ஆசிரியர் சாதனை விழாவில் இப்போதெல்லாம் செய்து முடித்த காரியத்துக்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை. செய்யப்போகும் காரியத்துக்குத்தான். மேடையில் இருக்கும் பயன்கணிப்பான், ஒவ்வொருவரின் ஆராய்ச்சியையும் மனப்போக்கையும் அலசி, அடுத்த இருபது ஆண்டுகளில் அவர் எத்தனை பேரைப் பட்டினியிலிருந்து காப்பாற்றுவார் என்று திரையில் காட்டிவிடும். மனம் மாறினால் அந்த நொடியே எண்ணும் மாறும். அது பொய்த்ததே இல்லை. பதவி உயர்வு முதல் குடியிருப்பு ஒதுக்கீடு வரை எல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத்தான். வேறு எதைப் பார்ப்பது என்பதையே கல்லூரி மறந்துவிட்டது.

விழா நாள் காலை ஒத்திகையில், பயிர் நோயியல் துறைத் தலைவி செங்கமலத்துக்கு மூன்று கோடி வந்தது. கீழே காரணம்: 'நெல் கரும்பூஞ்சை நோய்க்கு மருந்து.'

கல்லூரி முதல்வர் சொக்கலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. "மூணு கோடிம்மா! நம்ம காலேஜ்ல இதுவரைக்கும் யாருக்கும் வந்ததில்ல."

"சார், அந்த நோய் எந்த வயல்லயும் கிடையாது." செங்கமலம் திரையைக் காட்டினாள். "அந்தப் பூஞ்சை என் லேப்ல தானா மரபு மாறி உண்டானது. அங்க டெஸ்ட் டியூப்ல மட்டும்தான் இருக்கு. மூணு கோடி பேரை நான் காப்பாத்தணும்னா, முதல்ல அது வெளிய போயிருக்கணும்."

"விழா முடியட்டும், பேசிக்கலாம். அமைச்சர் கிளம்பிட்டாராம்."

"இப்பவே அழிச்சிடறேன் சார்."

"அழிச்சா உங்க எண் என்னாகும்னு யோசிச்சீங்களா?"

யோசித்திருந்தாள். இருந்தும் ஆய்வகத்துக்கு ஓடினாள். அடுத்த அறையிலிருந்த இணைப்பேராசிரியர் பூவராகன் உதவிக்கு வந்தான். குளிர்பெட்டியிலிருந்து அவன் குழாய்களை எடுத்துக் கொடுக்க, அவள் கிருமி கொல்லும் நீராவிப் பெட்டியான ஆட்டோகிளேவில் அடுக்கி மூடினாள். நீராவியில் எந்தப் பூஞ்சையும் பிழைக்காது. முதல்வரின் அழைப்பு மேல் அழைப்பாக வந்துகொண்டிருக்க, அவள் அரைமணி நேரம் ஆட்டோகிளேவின் அழுத்தம் காட்டும் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மேடையில் அவள் பெயர் அழைக்கப்பட்டது. திரையில் பூஜ்யம் தெரிந்தது.

அரங்கில் யாரோ சிரித்தார்கள். பொன்னாடையைப் பிரித்த அமைச்சர் அதை எங்கே வைப்பது என்று விழித்தார். முதல்வர் பல்லைக் கடித்தார். வராத நோயிலிருந்து யாரைக் காப்பாற்ற முடியும்? நிம்மதியில் செங்கமலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தாள்.

அடுத்து பூவராகன். காலையில் அவனுக்கு வந்தது ஒன்பதாயிரம். இப்போது மூன்று கோடி. 'நெல் கரும்பூஞ்சை நோய்க்கு மருந்து.'

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பக்கத்து நாற்காலியிலிருந்து எழப்போன பூவராகனின் மணிக்கட்டை அவள் இறுகப் பிடித்தாள்.

"என்ன பண்ணினீங்க பூவராகன்?"

"ஒரே ஒரு டியூப் மேடம்." அவன் முகம் வெளிறியிருந்தது. "கடைசி மாதிரியை எப்படி மேடம் அழிக்கறது? நாளைக்கு ஆராய்ச்சிக்கு வேணுமேன்னு எடுத்து வச்சேன்."

"உடனே போய் அழிச்சிடுங்க. அழிக்கறதுன்னு நீங்க உறுதியா முடிவு பண்ணினாலே போதும், எண் இறங்கிடும்."

"கண்டிப்பா மேடம். சத்தியமாச் சொல்றேன். இந்தப் பொன்னாடையை வாங்கிட்டு வந்ததும் முதல் வேலை அதுதான்."

செங்கமலம் திரையைப் பார்த்தாள். எண் இறங்கவில்லை.