களைப்பு என்றது உள்ளுரைப்பி

மூன்றாவது முறையும் திரையில் அதே வரிதான் தமிழில் வந்தது: 'தாய்க்குக் களைப்பு. கவலைப்பட ஏதுமில்லை.'

கோமதியின் மடியில் ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. எதிரே தாய்நல மருத்துவர் அன்னிகா கனிவாகத் தலையசைத்தாள்.

வடகடல் காற்றாலைத் தீவில் பல நாட்டுக் குடும்பங்கள் இருந்தன. யாரும் யாருடைய மொழியையும் படிப்பதில்லை. காதுக்குப் பின்னால் ஒட்டிய உள்ளுரைப்பி பார்த்துக்கொள்ளும். பிள்ளை பெற்றவர்களுக்கென்றே செய்த உள்ளுரைப்பி சொல்லை மொழிபெயர்ப்பதோடு நிற்காது. குரல் நடுக்கம், நாடி, மூச்சு எல்லாவற்றையும் அளந்து, அதே மொழி பேசிய முந்தைய தாய்மாரோடு ஒப்பிட்டு, 'இவள் உண்மையில் சொல்ல வருவது இதுதான்' என்று மருத்துவர் காதில் ஓதும். ஓதியது மேசைத் திரையில் தாயின் மொழியிலும் தெரியும்.

"டாக்டர், பிள்ளையத் தூக்கிட்டு பால்கனிப் பக்கம் போனா என் கையப் பாத்தே எனக்குப் பயமா இருக்கு. கீழ கடலு. அவுக வேலைக்குப் போயிட்டா நானும் இவனும் மட்டுந்தான். ஏதாவது பண்ணிருவேனோன்னு..."

திரை மாறவில்லை.

"வெந்நீரில் குளியுங்கள். பிள்ளை தூங்கும்போது நீங்களும் தூங்குங்கள்," என்று அன்னிகாவின் பதிலைத் திருத்தமான தமிழில் சொன்னது கருவி.

துணைக்கு வந்திருந்த பிரம்மசக்தியைக் கோமதி திரும்பிப் பார்த்தாள். பணகுடிக் காற்றாலையிலிருந்து ஆள் எடுத்தபோது, கணவனோடு தீவுக்கு முதலில் வந்தவள் அவள்.

"ஏட்டி, இது எங்களால வந்த வினை."

"என்னக்கா சொல்லுதிய?"

"எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. உண்மையச் சொன்னா பிள்ளையப் புடுங்கிட்டுப் போயிருவாவன்னு பயம். 'சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா'ன்னு கருவி அப்பல்லாம் கேக்கும். 'இல்ல, சும்மா களைப்புதான்'னு திருத்திட்டேன். பொறவு வந்தவளுவளுக்கும் அதையே சொல்லிக் குடுத்தேன். ஒருத்தி விடாம அப்படியே சொன்னாளுவ."

கருவி நன்றாகப் படித்திருந்தது. தமிழ்த்தாய் நடுங்கினால் களைப்பு, அழுதால் களைப்பு. இப்போதெல்லாம் அது திருத்தம்கூடக் கேட்பதில்லை.

பிரம்மசக்தி எழுந்து மேசையைத் தட்டினாள். "டாக்டரம்மா, நாங்க எல்லாரும் பொய் சொன்னோம்! இவ நெசமாவே பயந்து கெடக்கா. தனியா அனுப்பாதீங்க!"

'தோழிக்கும் களைப்பு' என்றது திரை. அன்னிகா இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றினாள்.

கோமதி பிள்ளையை இரு கைகளாலும் ஏந்தி அன்னிகாவிடம் நீட்டினாள். எது நடந்துவிடக் கூடாதென்று அத்தனை பேரும் பொய் சொன்னார்களோ, அதையே அவள் கண்ணால் இரந்தாள். எடுத்துக்கொள்ளுங்கள், இன்று ஒரு நாளைக்காவது.

அன்னிகா ஆசையோடு வாங்கினாள். நெற்றியில் முத்தமிட்டாள். அவிழ்ந்திருந்த துணியை இறுக்கிச் சுற்றி, பிள்ளையைக் கோமதியின் கைகளிலேயே பத்திரமாகத் திரும்ப வைத்தாள். பிறகு, தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போவதற்காக, கதவைத் தானே திறந்துவிட்டாள்.