வெயிலில் ஆடிய வைப்பர்

எங்கள் அப்பா பேருந்து ஓட்டுநர். சாயங்காலம் பள்ளி விட்டதும் நாங்கள் பள்ளி வாசலில் நிற்கும்போது அவருடைய பேருந்து அந்த வழியாகப் போகும். அப்பா "பாம் பாம்" என்று ஹார்ன் அடிப்பார். நானும் அக்காவும் கையாட்டுவோம்.

அக்கா ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிறகுதான் வம்பு வந்தது. ஒருநாள் அப்பா ஹார்ன் அடித்ததோடு நிற்காமல், சன்னல் வழியே தலையை நீட்டி, "மிச்சம் வைக்காம சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டுவிட்டார். அக்காவின் தோழிகள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அன்று அப்பா வீட்டுக்குள் நுழைந்ததுமே அக்கா பிடித்துக்கொண்டாள். "இனிமே என்னைத் தெரியாத மாதிரி போங்கப்பா. மானம் போகுது."

அப்பாவின் முகம் வாடிவிட்டது. "சரிம்மா," என்று மட்டும் சொன்னார்.

எங்கள் அப்பா சொன்னதை அப்படியே செய்கிறவர். மறுநாள் ஹார்ன் இல்லை. கழுத்துச் சுளுக்கு வந்தவர் மாதிரி நேரே பார்த்தபடி போனார்.

பேருந்து மறையும்வரை அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். "திரும்பிக்கூடப் பார்க்கல, பாத்தியா வாலு?" என்றாள். வாலு நான்தான்.

"நீதானே தெரியாத மாதிரி போகச் சொன்ன?"

"சொன்னேன். அதுக்காக?"

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அதன்பிறகு வீட்டில் இருவருக்கும் பேச்சே இல்லை. "அவளுக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளு," என்பார் அப்பா. "வேணாம்னு சொல்லு," என்பாள் அக்கா. இருவரும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் தபால்காரர் வேலை பார்த்து எனக்கு வாய் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா மேல கோவமாப்பா?"

"கோவமா? அவ வாசல்ல நிக்கறதைப் பார்த்தா எனக்கு அலுப்பே தெரியாது. இப்ப அந்தத் தெரு வந்தாலே மனசு கஷ்டமா இருக்கு. பேசலாம்னு வாயைத் திறந்தா சாப்பிட்டியா, படிச்சியான்னுதான் வருது."

"சத்தம் போடாம கையாட்டலாம்ல?"

"உங்க பள்ளிக்கூடத்தைத் தாண்டினா உடனே வளைவு. ஸ்டியரிங்ல இருந்து கையை எடுத்து ஆட்டிக்கிட்டு இருக்க முடியாது."

நியாயம்தான். பேருந்தில் கை மாதிரி ஆடுவது வேறு என்ன இருக்கிறது? யோசித்தேன்.

"அப்பா, உங்க வண்டியில வைப்பர் வேலை செய்யுதா?"

"செய்யுது. சுவிட்ச் விரல் பக்கத்துலயே இருக்கு. மழைதான் இல்ல. ஏன்?"

நான் அவர் காதில் சொன்னேன்.

திங்கட்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. பேருந்து வந்தது. ஹார்ன் இல்லை. ஆனால் முன்கண்ணாடியில் வைப்பர் மட்டும் இப்படியும் அப்படியும் ஆடிவிட்டு நின்றது.

"வெயில்ல எதுக்குடி வைப்பர்?" என்றாள் ஒரு தோழி. "வண்டி ரிப்பேர் போல."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் என் கையை வைப்பர் போல ஆட்டிக் காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. பையின் வாரைப் பிடித்திருந்த கையில் ஒரே ஒரு விரலை மட்டும் தூக்கி, யாருக்கும் தெரியாமல் ஆட்டினாள்.

அப்பா பார்த்துவிட்டார். பேருந்து வளைவில் திரும்பும்போது அவருடைய பல்லெல்லாம் தெரிந்தது.

இரவு சாப்பாட்டின்போது அக்கா அப்பாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"நாளைக்கும் மழை வருமாப்பா?"

"கண்டிப்பா வரும் கண்ணு."

அம்மா சன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம்கூட இல்லை. "ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயே திறக்கவில்லை. தபால்காரருக்கு அன்று விடுமுறை.