பலாக்கல் தட்டு

வாசலில் நின்ற பலாக்கன்றைத் தொட்ட வசுமதி, சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். கன்று கல்லாகியிருந்தது. இலைகள்கூடக் கல். பச்சை மட்டும் மாறவில்லை.

கல்லாக்கி நுண்ணுயிர் அவளுடைய கண்டுபிடிப்பு. அது மரத்தின் நாரைத் தின்றுவிட்டு, அந்த இடத்தில் அதே வடிவில் படிகக்கல்லை நிரப்பிவிடும். இயற்கைக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கிற வேலை ஒன்பது நாளில் முடிந்தது. வெட்டுப்பட்ட வீட்டு மரத்தைக் கொடுத்தால் போதும், அவளுடைய நிறுவனத்தில் கல்லாக்கி, அறுத்து, மெருகேற்றி அலங்காரத் தட்டாகத் தருவார்கள். ஆண்டு வளையங்கள் தேன் நிறத்தில் மின்னும். பண்ருட்டிப் பக்கம் அந்தத் தட்டு இல்லாத கூடமே இல்லை.

மெருகேற்றும் சூட்டில் நுண்ணுயிர் செத்துவிடும் என்று வசுமதிதான் கையெழுத்துப் போட்டாள். அது சாகவில்லை. தட்டின் நுண்துளைகளில் தூங்கியது. எழுப்பத் தண்ணீர் போதும். அலங்காரத் தட்டைத் துணியால் துடைப்பார்கள் என்று நினைத்தாளே தவிர, சாமி சிலையைப் போலத் தினமும் குளிப்பாட்டுவார்கள் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. படித்தவர்களின் மடத்தனம். தொற்று இந்தத் தெருவோடு நின்றால், மண்ணை அந்த மெருகுச் சூட்டைவிடப் பல மடங்கு சூட்டில் சுட்டு அழித்துவிடலாம். தோப்புகளுக்குப் போய்விட்டால் வட்டாரத்தில் ஒரு மரமும் மிஞ்சாது.

"தட்டக் குடுத்துடுங்கக்கா. கழுவுன தண்ணிய எங்க ஊத்துனீங்க?"

வீட்டுக்காரி தெய்வானை தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இந்தக் கன்னுக்குத்தான். ரோடு போடறேன்னு வெட்டுனாங்களே, அந்த மரத்தோட கொட்டையில மொளச்சது. தாயக் கழுவுன தண்ணி புள்ளைக்குப் போவட்டுமேன்னு ஊத்துனேன்."

"வேற எங்கயும் ஊத்தலையே?"

தெய்வானை வெளிக்கதவைத் திறந்து தெருவைக் காட்டினாள். ஓரத்துப் புளியமரங்களில் வெட்டுவதற்கு எண் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஈரம். நல்ல காற்று அடித்தது, ஓர் இலையும் அசையவில்லை.

"போன மாசம் அறுக்க வந்தவன், நான் மிச்சத் தண்ணி ஊத்துன மொத மரத்துலயே ரம்பம் ஒடஞ்சு திரும்பிட்டான். அப்புறந்தான் தெருவே அவங்கவங்க தட்டக் கழுவி ஊத்துச்சு. இனிமே எவனாலயும் வெட்ட முடியாதுல்ல, மேடம்?"

இவை மரங்களே இல்லை, பிணங்கள் என்று சொல்ல வசுமதிக்கு வாய் வரவில்லை.

"முடியாதுக்கா."

தெய்வானை நிம்மதியாகச் சிரித்தாள். "அதத்தான் நானும் சொன்னேன். தோப்புக்காரங்க நேத்து வந்து ஆளுக்கு ரெண்டு கொடம் கழுவுன தண்ணி வாங்கிட்டுப் போனாங்க. பைபாஸ் அவங்க தோப்பு வழியாத்தான் போவுதாம்."