அக்தாவுக்கு மூன்று பேர்

ஓரின்பசாரின் வீட்டு வாசலில் எர்போலாத் காரை நிறுத்தியபோது மதியம் இரண்டு மணி இருக்கும். ஜூன் வெயில் கஜகஸ்தானில் அக்தோபே நகரத்தின் அந்தப் புறநகர்த் தெருவை வெளுத்துப் போட்டிருந்தது. வேலிகளில் நீலச் சாயம் உரிந்திருந்தது. ஒரு நாய்கூட வெளியில் இல்லை. பின் இருக்கையில் அவன் மனைவி குன்சுலு ஒரு மரத்தொட்டிலை இரண்டு கைகளாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தச்சனிடமிருந்து அப்போதுதான் வாங்கிவந்தது. கார் முழுவதும் வார்னிஷ் வாசனை.

அக்தாவில், கடலோரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் தோக்ஜானுக்கு ஆண் குழந்தை பிறந்து பதினெட்டு நாளாகிறது. தொட்டில் கொண்டுபோவது தாய்வீட்டின் கடமை. நாற்பதாம் நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். தொட்டில், மெத்தைகள், போர்வைகள், சம்பந்திகளுக்கான துணிமணிகள் என்று சாமான் சேர்ந்துகொண்டே போனதால் காரிலேயே போய்விடலாம் என்று சொன்னவள் குன்சுலுதான். ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர், இரண்டு நாள். எர்போலாத் மூன்று நாள் பதிலே சொல்லவில்லை. நான்காம் நாள், "ரோடு எப்படி இருக்குன்னு ஓரின்பசார் அண்ணன்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணலாம்" என்றான்.

ஓரின்பசார் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். எர்போலாத்தும் ஒரு காலத்தில் அவரோடு ஓட்டியவன்தான். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் திடீரென்று அதை விட்டுவிட்டு, ஒரு பள்ளிக்கூடத்தின் கொதிகலன் அறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஏன் என்று கேட்டால், முதுகுவலி என்பான்.

கதவைத் திறந்தது ஓரின்பசாரின் மனைவி ஜுபார். குன்சுலுவைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். பிறகு அவள் தோளுக்கு மேலே காரைப் பார்த்தாள்.

"முன்னாடி உக்காந்திருக்கிற பொண்ணு யாரு? இறங்கச் சொல்லு. வெயில்ல வெந்துபோவா."

"முன்னாடி யாரும் இல்லையே அண்ணி."

ஜுபார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். "கண்ணாடியில வெளிச்சம் பட்டிருக்கும். கண் ஆபரேஷன் பண்ணிக்கோன்னு மகன் சொல்லிக்கிட்டேதான் இருக்கான்" என்று சிரித்தாள். குன்சுலுவும் சிரித்தாள்.

எர்போலாத் சிரிக்கவில்லை.

பால் விட்ட டீயும் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் மாவுருண்டைகளும் வந்தன. ஓரின்பசார் பழைய காலண்டர் ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு இழுத்தார்.

"காலையில அஞ்சு மணிக்கே கிளம்பிரு. கந்தியாகாஷ்ல டேங்கை நிரப்பு. மக்காத் வரைக்கும் ரோடு உன் இடுப்பை ஒடிக்கும், அப்புறம் பரவாயில்ல. குல்சாரில சாப்பிட்டுட்டு பெய்னேவுல தங்கு. மறுநாள் சாய்-ஓத்தெஸ், ஷெத்பே. அப்புறம் கடல்தான்."

"பெய்னே வழியா போகாம வேற வழி இருக்கா அண்ணே?"

"ஏன் இல்ல? காஸ்பியன் கடலை ஒரு சுத்து சுத்தி, பாகு வழியா போ. உன் பேரனுக்கு மீசை முளைச்சிருக்கும்." அவர் குலுங்கிச் சிரித்தார். "கண்ணை மூடிக்கிட்டு அந்த ரோட்ல ஓட்டுனவன் நீ. இப்ப புதுசா கல்யாணமான பொண்ணு மாதிரி பயப்படுற."

எர்போலாத் டீக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெய்னே தாண்டிட்டா நூறு கிலோமீட்டருக்கு ஒண்ணும் கிடையாது" என்றார் ஓரின்பசார், இப்போது குன்சுலுவிடம். "யாராவது கை காட்டினா நிறுத்திருங்க. அந்த ரோட்டுக்கு அது ஒண்ணுதான் சட்டம்."

கிண்ணம் எர்போலாத்தின் கையிலிருந்து சாய்ந்து, கோடு போட்ட காகிதத்தில் டீ பரவியது.

திரும்பும்போதும் குன்சுலு பின்னால்தான் உட்கார்ந்தாள், தொட்டிலோடு. தெருமுனை திரும்பியதும் காருக்குள் அந்த ஒலி கேட்டது. டிங். டிங். டிங். பெல்ட் போடாதவர்களுக்காக அடிக்கிற மணி.

"நீங்க பெல்ட் போடலையா?"

"போட்டிருக்கேன்."

முன்னால் இன்னோர் இருக்கை இருந்தது. அதில் யாருமில்லை. ஒரு பைகூட வைக்கவில்லை. மணி நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

எர்போலாத் காரை ஓரமாக நிறுத்தினான். கையை நீட்டி, வெற்று இருக்கையின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினான். மெதுவாகத்தான் மாட்டினான். ஒருவர் மேல் கை படாமல் மாட்டுவதுபோல்.

மணி நின்றது.

"சென்சர் கெட்டிருக்கும்" என்றான். வீடு வரும்வரை குன்சுலுவின் பார்வை அந்தப் பெல்ட்டின் மேலேயே இருந்தது. அது தளர்ந்து தொங்கவில்லை. ஓர் உடம்பின் மேல் கிடப்பதுபோல, இருக்கைக்கு ஒரு சாண் முன்னால், வளைந்து நின்றது.

மறுநாள் காலை எர்போலாத் வேலைக்குப் போனபின், பெய்னேவில் தங்குவதற்கு அவள் ஒரு விடுதிக்குப் போன் செய்தாள். எண்ணை ஓரின்பசார்தான் கொடுத்திருந்தார். எடுத்த பெண்மணிக்குக் கரகரத்த, நல்ல குரல்.

"அக்தோபேல இருந்து எர்போலாத் குடும்பம்தானே? எழுதி வச்சாச்சு தங்கச்சி. மூணு பேர், ரெண்டு கட்டில், கீழே ஒரு மெத்தை."

"நான் இப்பதானே கூப்பிடுறேன்."

"கொஞ்ச நேரம் முன்னாடி உங்க வீட்டு அம்மா ஒருத்தங்க பேசினாங்களே. இதே நம்பர்தான், பாருங்க." அந்தப் பெண் எண்ணைப் படித்தாள். குன்சுலுவின் எண்தான் அது. "அவங்களுக்கு அடுப்புப் பக்கம் படுக்கை வேணுமாம். ஜூன் மாசத்துல யாருங்க அடுப்பு மூட்டுவா? சொன்னேன். பரவாயில்ல, மூட்டுங்கன்னாங்க."

குன்சுலு போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "வேற என்ன சொன்னாங்க?"

"அவ்வளவா பேசல. வழியில நின்னு ஏறிக்குவேன்னு சொன்னாங்க. அப்புறம், தொட்டில் எவ்வளவு பெருசுன்னு என்கிட்டயே கேட்டாங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

போனை வைத்தபிறகு அவள் நடுக்கூடத்தில் இருந்த தொட்டிலின் அருகில் போகவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கணவன் வரும்வரை ஜன்னலோரம் நின்றாள். வெளியே பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம்தான் அவளை நிற்க வைத்தது.

மதிய உணவுக்கு வந்த எர்போலாத்திடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாரு அவ?" என்று கேட்டாள்.

"பேரு தெரியாது."

"அப்ப ஆளைத் தெரியும்."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். பதினான்கு வருஷம் வாய்க்குள் வைத்திருந்ததை, தரையைப் பார்த்தபடி சொன்னான். ஜனவரி மாதம். பெய்னேவுக்கும் சாய்-ஓத்தெஸுக்கும் நடுவில் பனிப்புயல். எதிரில் பத்தடிகூடத் தெரியாத பகல். ரோட்டோரம் பாதி புதைந்த ஒரு கார், அதன் பக்கத்தில் ஒரு பெண். ஒரு கையால் மார்போடு ஒரு மூட்டையைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையை ஆட்டினாள். அவன் லாரியின் வேகத்தைக் குறைத்தான். அவள் முகம் தெரிந்தது. நிறுத்தினால் சக்கரம் மறுபடி நகராது என்று தோன்றியது. போய்விட்டான்.

"ரெண்டு நாள் கழிச்சு பெய்னேல ஒரு டீக்கடையில பேசிக்கிட்டாங்க. அவ புருஷன் உதவி தேடி நடந்து போயிருக்கான், அவன் பொழச்சுட்டான். அவளும் குழந்தையும்..."

"மூட்டைன்னு சொன்னீங்க."

"மூட்டைன்னு நினைச்சுக்கிட்டேன்."

சமையலறையில் கெட்டில் கொதித்து அடங்கியது.

"உங்க பக்கத்து சீட்டு?"

"காலியாத்தான் இருந்துச்சு."

குன்சுலு அவனை அடிக்கவில்லை, அழவுமில்லை. "என் பேரன் வீட்டுக்கு அவளைக் கூட்டிக்கிட்டுப் போக முடியாது" என்றாள். அந்த வெள்ளிக்கிழமை, இறந்தவர்களுக்காக ஏழு ரொட்டி சுட்டு அக்கம்பக்கத்தில் கொடுத்தாள். வாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டுக் கிழவர், யார் பெயரில் குர்ஆன் ஓத வேண்டும் என்று கேட்டார். அவளுக்குச் சொல்ல ஒரு பெயர் இல்லை.

பயணத்திட்டத்தை மாற்றினார்கள். கார் வேண்டாம், ரயில். விடுதியை ரத்து செய்தார்கள். காரைப் பூட்டி, சாவியை ஓரின்பசாரிடம் கொடுத்தார்கள். ரயில் பெட்டியில் ஓர் அறையின் நான்கு படுக்கைகளையும் தாங்களே எடுத்து, இரண்டில் சாமான்களை நிரப்பினார்கள். வேறொருவர் உட்கார இடம் விடவில்லை.

ரயிலில் இருவரும் சரியாகத் தூங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தட்டைப் புல்வெளி. எவ்வளவு போனாலும் அதே புல், அதே ஒட்டகங்கள். மறுநாள் முற்பகல் பெய்னேவில் ரயில் வெகுநேரம் நின்றது. எர்போலாத் நடைமேடையில் இறங்கி நின்றான். வெயிலில் நாய்கள் படுத்திருந்தன. ஓர் இலை அசையவில்லை. அப்போது குன்சுலுவின் போன் அடித்தது. தோக்ஜான்.

"அம்மா, சித்தி வந்துட்டாங்க. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எந்தச் சித்தி?"

"அப்பா சொந்தமாம். உங்ககூட கார்ல வர்றதா இருந்துச்சாம், விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னாங்க. கோவமா எல்லாம் சொல்லல. குழந்தை அவங்க மடியில நல்லாத் தூங்குது. பிறந்ததுல இருந்து இப்படித் தூங்கினதே இல்ல."

குன்சுலு போனை ஜன்னல் வழியே கணவனிடம் நீட்டினாள்.

"தோக்ஜான். போனை அவங்ககிட்ட குடு."

சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு காற்று.

அசையாத அந்த நடைமேடையில், அவன் காதுக்குள் மட்டும், பனிப்புயலின் காற்று ஊளையிட்டது.

"பாத்தேன்" என்றான் எர்போலாத். "உன்னைப் பாக்காம போகல. பாத்துட்டுத்தான் போனேன். இடமும் இருந்துச்சு. தப்பு என்னோடது. பச்சைப்பிள்ளைய விட்டுரு."

காற்று தணிந்தது. காதருகே ஒரு பெண் கிசுகிசுத்தாள்.

"குளிருது."

அவ்வளவுதான். அடுத்து வந்தது தோக்ஜானின் குரல். "அப்பா? சித்தி எங்க? கதவு தொறந்து கெடக்கு. குழந்தை இங்கதான் இருக்கான், தூங்குறான். ஏன்ப்பா அழறீங்க?"

அக்தாவில் இறங்கியதும் கடலைக்கூடப் பார்க்காமல் ஓடினார்கள். குழந்தை நன்றாக இருந்தான். கொழுகொழுவென்று, வாயோரம் பால் காய்ந்து. குன்சுலு துணியை விலக்கி, விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தாள். இடது காலில் ஒரு காலுறை இருந்தது. ஒட்டக ரோமத்தில் கையால் பின்னியது, சாம்பல் நிறம். ஒரு வயதுப் பிள்ளையின் அளவு. குழந்தைக்குத் தொடைவரை வந்தது.

"இது யாரு போட்டது?"

"நீங்க அனுப்பினதுன்னு நினைச்சேன்" என்றாள் தோக்ஜான்.

குன்சுலு அதை உருவி எடுத்தபோது விரல்கள் விறைத்தன. காலுறை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. உள்ளே கரையாத பனித்துகள்.

எர்போலாத் அன்றைக்கே மகளிடமும் மருமகனிடமும் எல்லாவற்றையும் சொன்னான். தோக்ஜான் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மருமகனின் காரில் அவன் மட்டும் பெய்னேவுக்குத் திரும்பிப் போனான். அந்தச் சாலையில் பதினான்கு வருஷத்துக்குப் பிறகு முதல்முறை. முன் இருக்கையைக் காலியாக விட்டே ஓட்டினான். ஊருக்கு வெளியே இருந்த இடுகாட்டில் காவலாளியிடம் விசாரித்தான். புயல் வருஷத்தில் புதைத்த தாயையும் மகனையும் அவருக்கு நினைவிருந்தது. கல்லில் அந்தத் தாயின் பெயர் இருந்தது: ஷோல்பான்குல். அவன் முழங்காலிட்டுப் பெயர் சொல்லி ஓதினான். அந்தக் காலுறையை மண்ணைத் தோண்டிக் கல்லின் அடியில் வைத்தான். அங்கிருந்தே மனைவிக்குப் போன் செய்து, "மனசு லேசாயிருச்சு" என்றான். அவன் குரல் அப்படி இருந்து அவள் வெகுகாலமாகக் கேட்டதில்லை.

அவன் திரும்பி வந்த காலையில், நாற்பதாம் நாள் குளியலுக்கு நாற்பது கரண்டித் தண்ணீர் அளந்து வைத்துவிட்டு, குன்சுலு குழந்தையைத் தூக்கத் தொட்டிலிடம் போனாள். குழந்தையைத் தொட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்த துணிக்கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

வலது காலில் சாம்பல் நிறக் காலுறை. அந்த ஜோடியின் மற்றது.

இந்த முறை அது நனைந்திருக்கவில்லை. யாரோ ஒரு பிள்ளையின் காலிலிருந்து இப்போதுதான் கழற்றி மாட்டியதுபோல, வெதுவெதுப்பாக இருந்தது.