நாற்பத்திரண்டு கட்டில்களும் ஒரு ஜன்னல் வெளிச்சமும்

அன்றிரவு சாந்தோமில் அந்த முதியோர் இல்லத்தில் இருந்தவர்கள்: எழுந்து நடக்க முடியாத நாற்பத்திரண்டு பேர், நர்ஸ் மர்சலின். அவ்வளவுதான். இரண்டாவது நர்ஸ் யுத்த ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று மாதமாகியிருந்தது.

1942. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே இருண்டு கிடந்தது. கடல் மேல் மழை... மெல்லிய, விடாத மழை.

யாரோ தடியால் ஜன்னலைத் தட்டினார்கள்.

"விளக்கை அணைங்க! கடல் வரைக்கும் தெரியுது!"

"உள்ள வந்து நீங்களே அணைங்க. எனக்கு ரெண்டு கைதான்!"

உள்ளே வந்தான் ஞானதாஸ். பகலில் பள்ளிக்கூட வாத்தியார். இரவில், தெருவில் வெளிச்சம் கசியாமல் பார்த்துக்கொள்ளும் வார்டன். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

மர்சலின் முனியம்மாளின் கனத்த உடம்பை இரு கைகளாலும் தாங்கியிருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எல்லோரையும் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் முதுகில் புண் வரும். கடைசிக் கட்டிலை முடிப்பதற்குள் முதல் கட்டிலின் முறை வந்துவிடும். இதில் திரையை எப்போது மூடுவது?

அவள் நிமிர்ந்தாள். தூக்கம் கண்டிராத கண்கள்... மழை கொட்டும் வானம் போல அத்தனை கறுப்பு, அத்தனை ஈரம். அதட்ட வந்தவன் தடியைச் சுவரில் சாய்த்தான்.

"எந்தப் பக்கம் பிடிக்கணும்?"

"தோள்கிட்ட. மெதுவா... அரிசி மூட்டை இல்ல."

"இன்னா நைனா, கை நடுங்குது? என் கனத்துக்கா, அவ கண்ணுக்கா?" என்றாள் முனியம்மாள்.

மர்சலின் சிரித்துவிட்டாள்.

அதன் பிறகு தினமும் வந்தான். திரையை மூடினான், தோள் கொடுத்தான், போனான்.

பதினோராம் நாள் பகலில், இல்லத்தின் மேட்ரன் பியாட்ரிஸ் மர்சலினைக் கூப்பிட்டார். "ஜன்னல்ல வெளிச்சம் தெரிஞ்சுதுன்னு வார்டன் ரிப்போர்ட் எழுதியிருக்கார். இன்னொண்ணு வந்தா உனக்கு வேலை இல்லை."

அன்றிரவு அவள் அவனை வாசலிலேயே நிறுத்தினாள்.

"உதவி பண்ற மாதிரி வந்து வேவு பாத்தீங்களா?"

"ரிப்போர்ட்டைப் படிச்சீங்களா?"

"வேண்டாம். போங்க."

போய்விட்டான். ரோஷக்காரன், விளக்கம் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் முனியம்மாளின் முதுகில் புண் வந்தது. மருந்து வைக்கும்போது மர்சலின் அழுதாள்... புண்ணுக்காக மட்டும் அல்ல.

திங்கட்கிழமை டிரங்குப் பெட்டியோடு சண்முகவடிவு வந்து இறங்கினாள். புது நர்ஸ். மேட்ரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மர்சலினிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். "அந்த ரிப்போர்ட்டைப் பாத்து இல்லத்துக் கமிட்டி வழிக்கு வந்துடுச்சு. நீயே படி."

ஞானதாஸின் கையெழுத்து. 'நாற்பத்திரண்டு பேருக்கு இரவில் ஒரே நர்ஸ். திரை மூட ஆளில்லை. இந்த வெளிச்சத்துக்கு நிர்வாகமே பொறுப்பு, அவர் அல்ல.'

அன்றிரவும் மழை. தெருவோரம் அவன் நின்றிருந்தான், கிட்டே வரவில்லை.

"பன்னெண்டு மணிப் புரட்டல் முடிஞ்சுது. அரை மணி நான் பாத்துக்கறேன், போங்கக்கா," என்றாள் சண்முகவடிவு.

மர்சலின் வராந்தாவுக்கு வந்தாள். அவன் படியேறினான்.

"படிச்சேன்... ஏன் சொல்லல?"

"சொன்னா நன்றின்னு சொல்வீங்க. எனக்கு வேண்டியது அது இல்ல."

"வேற என்ன?"

"உங்களைப் பகல்ல பாக்கணும்... தினமும். என் வீட்ல."

"பகல்ல நான் தூங்குவேனே..."

"தூங்குங்க. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

அவள் தலை குனிந்தாள். "நீங்க வராத ஒவ்வொரு ராத்திரியும்... விடியவே இல்ல."

உள்ளேயிருந்து முனியம்மாளின் குரல் வந்தது: "இன்னாடி வடிவு, பாத்துக்கினு நிக்கிற? கதவைச் சாத்து! அரை மணி ஆவாம தொறக்காத!"

மர்சலினுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. பூட்டில் சாவி திரும்பியது.